பார்ப்பம் கிணறும் இல்லைக் கட்டும்

மன்னார்ச் சர்க்கார் கச்சேரியில் துபாசி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். என்னைவிட ஒழுங்காக இங்கிலீசு படித்தவர்கள் நீங்கள். நான் படித்தது தலைமன்னார் இறங்குதுறையில். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் பெட்டியைக் காணவில்லை என்று சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்திலிருந்துதான் எனக்கு முதல் இங்கிலீசு வந்தது. ஆகையால் கோபத்தில் பேசும் இங்கிலீசு எனக்கு உடனே விளங்கும். மரியாதையாகப் பேசும் இங்கிலீசு விளங்கத்தான் கனகாலம் எடுத்தது.

கந்தோருக்குள் செய்யும் வேலையைப் பெரிய கிளாக்கர் உங்களுக்குக் காட்டித்தருவார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல நினைப்பது வெளியே செய்யும் வேலையைப் பற்றி. கொழும்புச் சட்டசபையிலிருந்து ஒரு மெம்பர் ஊருக்கு வந்து சனத்தோடு பேசும்போது, அவருடைய இங்கிலீசைத் தமிழாக்கியும் சனத்தின் தமிழை இங்கிலீசாக்கியும் நடுவில் நிற்கிறோமே, அந்த வேலை. சபைக்கு அரசாங்கம் காலத்துக்குக் காலம் பெயர் மாற்றியது. எங்கள் ஆட்களுக்கு எல்லாம் சபைதான், அதிலிருந்து வருகிறவர் எல்லாரும் மெம்பர்தான். இப்போது இன்னொரு புதுச் சபை வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அதற்கும் மெம்பர்மார் இருப்பார்கள். அவர்களும் கொண்டச்சி போன்ற கரையோர ஊர்களுக்குப் போவார்கள். பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள். அதனால்தான் ஒரே ஒரு சொல்லின் கதையை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அந்தச் சொல் 'பார்ப்பம்'.

கொண்டச்சியில் கடற்கரையை ஒட்டி ஒரு கல் கட்டிய கிணறு இருக்கிறது. ஊர்ச்சனம் அதைப் 'பார்ப்பம் கிணறு' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணமான நாளில் நான் அங்கே இருந்தேன்.

அப்போது நான் கச்சேரியில் சின்ன உத்தியோகத்தன். எனக்கு மேலே ஒரு பெரிய துபாசியார் இருந்தார். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக அவர் நடந்துபோனால் துரை போகிறாரா துபாசி போகிறாரா என்று தெரியாது. அந்த நாட்களில் சபைக்குப் போகிறவர்களைத் தெரிவுசெய்யும் பேச்சில் எங்கள் ஆட்களுக்கு இடமே இல்லை. எங்கோ இருந்து ஒரு கனவான் வருவார், பார்ப்பார், போவார். கொண்டச்சிக்கு அப்படி ஒருவர் வந்தார். தெரு முனையிலிருந்து அவருடைய கதிரை வரைக்கும் நிலத்தில் வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். பெரிய மனிதரின் கால் மண்ணில் படக்கூடாது என்பது அந்தக் காலத்து மரியாதை. சனம் எல்லாம் நின்றது. ஒருவரும் இருமவும் இல்லை.

பள்ளிவாசல் தலைவரான மரைக்கார் மட்டும் முன்னுக்கு வந்து, "துரை, இங்கத்தைத் தண்ணி உவர். குடிக்க ஒரு நல்ல கிணறு வேணும்" என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துக்கொட்டியது.

அந்தக் கனவான் தலையாட்டிவிட்டு இங்கிலீசில், "ஐ வில் சீ டு இட்" என்றார்.

நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குத் தெரியும். அது வாக்கு. 'அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலையை விடு' என்று அர்த்தம். பெரிய துபாசியார் அதைத் தமிழாக்கியபோது, "பார்ப்பம் எண்டு சொல்லுறார்" என்றார். 'பார்த்துக்கொள்ளுறன்' என்பதில் இருக்கும் அந்தச் சின்னக் 'கொள்' விழுந்துபோய்விட்டது. வேண்டுமென்றுதான் விட்டாரோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். பெரிய மனிதர் வாயால் 'நான் செய்யிறன்' என்று சொல்லவைப்பது அவருக்குக் குறைவு என்று நினைக்கிற ஆள் அவர். 'பார்ப்பம்' என்றால் பட்டும் படாமலும் இருக்கும், கம்பீரமாகவும் இருக்கும்.

அடுத்த மழைக்கு முன்னமே கல்லும் சுண்ணாம்பும் வந்தன. கிணறு வெட்டி, வளையம் கட்டி, நல்ல தண்ணீர் வந்தது. முதல் வாளி அள்ளிய மனிதர் குடித்துப் பார்த்துவிட்டு, "பார்ப்பம் எண்டார், பார்த்திட்டார்!" என்று கத்தினாராம். அன்று கிணற்றுக்கு அந்தப் பெயர் வந்தது.

அத்தோடு எங்கள் கரை முழுவதும் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. எல்லா ஊரிலும் 'பார்ப்பம்' என்றால் வெறும் பார்ப்போம்தான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. எங்கள் கரையில் மாத்திரம் மெம்பர் வாயிலிருந்து அது வந்தால் காரியம் முடிந்தது என்று சனம் எழும்பி வீட்டுக்குப் போனது. பேச்சுக் கேட்க வந்தவர்கள் கடைசியில் ஒருவரையொருவர் பார்த்து, "பார்ப்பம் எண்டிட்டாரோ?" என்று கேட்பார்கள். "ஓம், எண்டிட்டார்." அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும்.

பெரிய துபாசியார் ஓய்வுபெற்று அந்த வேலை என்னிடம் வந்தது. பிறகு எல்லாருக்கும் வோட்டு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும், காணி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும். மெம்பர்மாரும் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். எங்கள் பகுதி மெம்பர் மட்டும் இல்லை. தெருக் கமிட்டி, குளக் கமிட்டி, சுகாதாரக் கமிட்டி என்று பல பேர் வந்துபோனார்கள். இந்தக் கரையில் ஒரு சொல் சொன்னால் சனம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும் என்ற செய்தி அவர்களுக்குள் எப்படியோ பரவிவிட்டது. ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாதவர்கள்கூட அதைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள். "வீ ஷல் சீ" என்று ஒருவர் இங்கிலீசில் சொல்லிவிட்டுத் தானே "பார்ப்பம்" என்று தமிழாக்கியும் காட்டினார். அந்த இங்கிலீசில் வாக்கும் இல்லை, வாக்கின் வாலும் இல்லை. 'ஆகட்டும், நடக்கிறதைப் பார்ப்போம்' என்பதுதான் அது. தமிழுக்கு வந்தவுடன் இரண்டும் ஒரே சொல்.

அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை, தம்பிமாரே. இதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. அவர்களோடு வண்டியிலும் காரிலும் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். திரும்பி வரும்போது, "இவ்வளவு பேர் கேட்கிறார்கள், நான் எதைச் செய்வேன்?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர்களும் உண்டு. முன்னுக்கு நிற்கிற சனத்தின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வராது. அதற்குத்தான் அந்தச் சொல்.

ஆனால் தெரு வரவில்லை. டிஸ்பென்சரி வரவில்லை. சொல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சபையின் மீது சனத்துக்கு இருந்த மரியாதை எப்படிக் குறைந்தது என்று கேட்டால், கல்லெறிந்தா, கூக்காட்டியா என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிரிப்பாகத்தான் குறைந்தது. பள்ளிமுனையில் மீன் வாங்கப் போனேன். "நல்ல பாரை இருக்கோ?" என்று கேட்டேன். விற்கிற மனிசி வெறும் கூடையைக் கவிழ்த்துக் காட்டி, "இருக்குது ஐயா, மெம்பர் மீன்!" என்றாள். தலைமன்னாரில் ரயில் பிந்தினால், "இண்டைக்கு மெம்பர் ரயில்" என்பார்கள். பெண் கேட்டு வந்த இடத்தில் விருப்பம் இல்லாவிட்டால் தகப்பன் தொண்டையைச் செருமி, "பார்ப்பம்" என்பார். வந்தவர்கள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழும்பிவிடுவார்கள்.

அந்த வெள்ளை விரிப்பும் கட்டையாகிக்கொண்டே வந்தது. தெரு முனையிலிருந்து விரித்தது, பிறகு பந்தல் வாசலிலிருந்து, பிறகு கதிரையின் கால் நான்குக்கும் கீழே மாத்திரம். ஒரு தரம் கதிரை முதுகில் ஒரு துவாயைத் தொங்கவிட்டு அத்தோடு முடித்துவிட்டார்கள். கட்டளை போட்டு ஒருவரும் அதைக் குறைக்கவில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். கொண்டச்சியில் ஊருக்குப் பின்னால் ஒரு குளம். அதற்குக் கீழே வயல். சில வயல் முஸ்லிம் ஆட்களுடையது, சில பக்கத்து ஊர்ச் சைவக்காரருடையது. குளக்கட்டுக்குக் கிட்ட இருந்த வயல் கதீசா உம்மாவுடையது. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வயலைத் தன் பேரில் தானே நின்று செய்விக்கிற மனிசி. முந்திய வருசம் முதல் மழையிலேயே குளக்கட்டு ஒரு பக்கம் உடைந்து, அவவின் பயிரை மண்ணோடு வாரிக்கொண்டு போனது. மீதி எல்லாம் போய், அவவிடம் இருந்தது வீட்டு மூலையில் ஒரு பனையோலைப் பெட்டி விதைநெல். அவ்வளவுதான்.

சோளகக் காற்று ஓய்ந்து, மழையைக் கொண்டுவரும் வாடை தொடங்க இன்னும் கொஞ்சம் இருந்தது. கட்டு உடைந்தபடியே கிடந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் பகுதிக்குப் புதிதாகத் தெரிவான மெம்பர் கொண்டச்சிக்கு வந்தார். இளம் ஆள். தமிழர்தான், ஆனால் கொழும்பில் வளர்ந்தவர். தமிழ் ஓரளவு காதில் ஏறும், வாயில் இறங்காது. கார் மணலில் புதைந்து, நாங்கள் இறங்கித் தள்ள, நாலைந்து கழுதைகள் தெரு ஓரத்தில் நின்று அதை வடிவாகப் பார்த்துக்கொண்டு நின்றன. "இந்தத் தொகுதியில் என்னை முதலில் வரவேற்கிறவர்கள் இவர்கள்தான்" என்று அவர் இங்கிலீசில் சொன்னார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

பந்தலுக்குப் போனதும், ஊர்த் தலைமைக்காரரான விதானையார் மெம்பரோடு நிற்க, மரைக்கார் என்னைக் கையில் பிடித்து ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். கிணறு கேட்டவரின் மகன் இவர், தகப்பனுக்குப் பிறகு மரைக்கார் ஆனவர்.

"துபாசியார், இண்டைக்கு ஒரு காரியம் செய்து தாங்கோ. ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒண்டை அவரிட்டை வாங்கித் தாங்கோ."

"ஏன் மரைக்கார், இல்லை எண்டு சொன்னால் உங்களுக்குச் சந்தோசமோ?"

"கேளுங்கோ. ஒரு வருசமா பார்ப்பம், பார்ப்பம் எண்டே இழுத்துக்கொண்டு வந்திட்டினம். குளக்கட்டை நாங்களே கட்டுவம் எண்டு நான் சொன்னால், 'சர்க்கார் பாக்கிறன் எண்டு சொல்லியிருக்கு, நாங்கள் ஏன் முறியோணும்?' எண்டு பொடியள் கேக்கிறாங்கள். கட்டு சர்க்காருடையது, தொட்டால் இஞ்சினியர் ஆக்கள் வந்து கேள்வி கேப்பினம் எண்டு விதானையார் சொல்லுறார். சர்க்காரும் செய்யேல்லை, நாங்களும் செய்யேல்லை. மழை ஒருத்தரையும் கேக்காமல் வரும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தச் சொல் வெறும் சொல்லாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை என்று. அது ஊரின் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

கூட்டம் தொடங்கியது. ஆண்கள் பாயில். பெண்கள் பக்கத்து வளவில் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம். மெம்பர் நன்றாகப் பேசினார். நான் தமிழாக்கினேன். சனம் அமைதியாகக் கேட்டது. முடிக்கும்போது அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, இதை நானே சொல்கிறேன் என்பதுபோல் கையைக் காட்டி, நிமிர்ந்து நின்று, உரத்த குரலில்:

"குளம்... பார்ப்பம்!"

 பின்னுக்கு இருந்த ஒரு கிழவர் 'புளுக்' என்று சிரித்தார். அவ்வளவுதான். முழுப் பந்தலும் சிரித்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. விதானையார் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். மெம்பர் முகமெல்லாம் மலர்ந்து, தானும் சிரித்து, சனத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தன் தமிழ் அவர்களுக்குச் சந்தோசத்தைத் தந்துவிட்டது என்று நினைத்தார். பிறகு அந்தச் சிரிப்பில் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என் பக்கம் குனிந்து இங்கிலீசில் கேட்டார்:

"ஏன் சிரிக்கிறார்கள்?"

தம்பிமாரே, இந்தக் கேள்வி உங்களிடமும் ஒரு நாள் கேட்கப்படும். அந்த நேரத்தில் வாயில் முதலில் வருவது, 'சந்தோசத்தில் சிரிக்கிறார்கள், சேர்.' அது பாதுகாப்பான பதில். கார் திரும்பிப் போகும், நீங்களும் திரும்பிப் போவீர்கள், உத்தியோகமும் இருக்கும். மற்றது, 'உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.' அது உண்மைக்குக் கிட்ட இருக்கும். ஆனால் அதைக் கேட்ட மனிதர் எழும்பிப் போய்விடுவார், இனி அந்தப் பக்கம் வரவும் மாட்டார். நான் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் வேலி பேசியது.

"துபாசியார்!" கதீசா உம்மாவின் குரல். "அவருக்குச் சொல்லுங்கோ, அந்தச் சொல் இந்த ஊரிலை மௌத்தாப் போயிட்டுது. அடக்கியும் முடிஞ்சுது. தோண்டி எடுக்கவேண்டாம்."

திரும்பவும் சிரிப்பு. "உம்மா, சும்மா இரு" என்று யாரோ ஒரு ஆண் குரல்.

"நான் ஏன் சும்மா இருக்கோணும்? விதைநெல் உன்ரை வீட்டிலையோ கிடக்குது? துபாசியார், கேளுங்கோ. என்னட்டை ஒரு பெட்டி நெல்லு இருக்கு. விதைச்சால் கட்டு நிக்கோணும். கட்டு நிக்காதெண்டால் அதைக் குத்தி அவிச்சுத் தின்னுவம், பிள்ளையளின்ரை வயித்துக்காவது போகட்டும். அவருக்குப் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்ல ஏலுமெண்டால் சொல்லட்டும். ஏலாதெண்டால் இல்லை எண்டு சொல்லட்டும். ரெண்டுக்கும் நடுவிலை நிண்டுகொண்டு விதைக்க ஏலாது."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

மெம்பர் வேலியைப் பார்த்தார். பிறகு என்னை. "யார் அது? என்ன சொல்கிறார்?"

நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மௌத்து, அடக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே இங்கிலீசில் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் கேளாமலே ஒன்று சேர்த்தேன்: "சேர், இவர்கள் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை. உங்களுக்கு முன்னம் வந்த அந்தச் சொல்லைப் பார்த்து. நீங்கள் அதைப் பழைய சட்டை மாதிரித் தெரியாமல் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள்."

அவர் முகம் சிவந்துபோனது.  என் உத்தியோகம் இத்தோடு சரி என்று நினைத்தேன். தலைமன்னார் இறங்குதுறையில் திரும்பப் பெட்டி தேடிக் கொடுக்கும் வேலை கிடைக்குமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

"கட்டுக்கு இந்த வருசம் ஒன்றும் கிடைக்காது" என்றார், எனக்கு மாத்திரம் கேட்கிற மாதிரி. "கமிட்டியில் தள்ளிவைத்துவிட்டார்கள். போன கிழமைதான் தெரியும். அதை எப்படி இவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது?"

"அவ கேட்டது அதைத்தான், சேர்."

"நான் இல்லை என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?"

அதை நான் மரைக்காரிடம் கேட்டேன். மரைக்கார், "இல்லை எண்டால் நாளைக்கே மண்வெட்டி எடுப்பம். ஆனால் எங்களை ஒருத்தரும் மறிக்கக்கூடாது" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு மெம்பர் கதிரையை விட்டு எழும்பினார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். கிடுகு வேலிக்குக் கிட்டப் போய் நின்றார். தமிழில் பேசத் தொடங்கினார். அந்தத் தமிழை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும்.

"உம்மா. இல்லை. மழைக்கு முன்... இல்லை. சர்க்கார் வராது." திரும்பி என்னைப் பார்த்தார். மீதியை இங்கிலீசில் சொன்னார், நான் தமிழாக்கினேன்: ஊரார் கட்டைக் கட்டலாம். ஒருவரும் மறிக்காமல் இருக்க அவர் அன்றைக்கே கச்சேரிக்குப் போய்ப் பேசுவார். அவரால் முடிந்தது அவ்வளவு. அதற்கு மேல் சொன்னால் அது பொய்.

 வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கதீசா உம்மாவின் குரல்:

"அல்ஹம்துலில்லாஹ். இப்பத்தான் ஒரு மெம்பர் கதைச்சிருக்கிறார்."

கைதட்டு இல்லை. மாலை இல்லை. சனம் எழும்பி, யார் எந்தப் பக்கத்து மண்ணை வெட்டுவது, சைவக்காரருக்கு யார் போய்ச் சொல்வது என்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது. மெம்பரை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் பந்தலின் நடுவில் கோட்டும் இல்லாமல் நின்றார். நான் போய், "சேர், உங்களை அவமதிக்கவில்லை" என்றேன். "தெரியும்" என்றார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. இந்த இடத்தை நீங்கள் கவனியுங்கள். முன்னைய மெம்பர்மாருக்கெல்லாம் அந்த ஊரில் தனி மேசை, தனிப் பீங்கான், கரண்டி. அவர்கள் தனியே சாப்பிட, மரைக்கார் பக்கத்தில் நின்று விசிறுவார். அன்றைக்கும் மேசை போட்டிருந்தது. மரைக்கார் அதைப் பார்த்தார். மெம்பரைப் பார்த்தார். "துபாசியார், மெம்பருக்குச் சகனிலை இருக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ" என்றார்.

சகன் என்றால் பெரிய தட்டம். அந்த ஊர் முஸ்லிம் ஆட்கள் பாயில் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். தங்களுடைய ஆள் என்று நினைக்கிறவனைத்தான் அதில் கூப்பிடுவார்கள். நான் இங்கிலீசில் சொன்னேன். மெம்பர் சப்பாத்தைக் கழற்றினார். இறுக்கமான காற்சட்டையோடு சப்பாணி கட்டி இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து விதானையார் முகத்தை மறுபக்கம் திருப்பினார். "காலை நீட்டுங்கோ மெம்பர், இது சபை இல்லை" என்றார் மரைக்கார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவருக்குத் தமிழாக்க வேண்டி இருக்கவில்லை.

மறுநாள் மண்வெட்டி விழுந்தது. மெம்பர் சொன்னபடி கச்சேரியில் பேசினார். விதானையார் தானே வந்து குளக்கட்டில் நின்றார். ஆண்கள் வெட்ட, பெண்கள் கடகத்தில் மண் சுமக்க, சைவக்காரர் வண்டியோடு வர, பனங்குற்றிகளை அடித்து முண்டு கொடுத்துக் கட்டு எழும்பியது. மழை வந்தது. ஒரு இடத்தில் கசிந்தது. இரவோடிரவாக ஓடிப்போய் அடைத்தார்களாம். கட்டு நின்றது. கதீசா உம்மா அந்தப் பெட்டி நெல்லை விதைத்து, அறுத்து, அதே பெட்டியைத் திரும்ப நிரப்பினா. அந்தக் கட்டுக்கு ஊரார் வைத்த பெயர் 'இல்லைக் கட்டு'. இன்றைக்கும் அதுதான் பெயர். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு சபையிலிருந்து, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குக் கல் வந்தது. "இல்லை எண்டவர் அனுப்பினது" என்று அதை இறக்கிவைத்தார்கள்.

வெள்ளை விரிப்பு போய்விட்டதே என்று கச்சேரியில் பலர் கவலைப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். சனத்துக்கு மரியாதை தெரியவில்லை, வோட்டுக் கொடுத்ததால் வந்த வினை என்பார்கள். நான் அந்தத் துணியை முழு நீளத்தில் விரித்த நாளிலும் பார்த்தவன். அன்றைக்குப் பழைய மரைக்காருக்கு ஒரு கிணறு கேட்க வேர்த்துக்கொட்டியது. அது மரியாதையா பயமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நம்பிக்கை வேறு. அது துணியில் வந்ததும் இல்லை, துணியோடு போனதும் இல்லை. சொல்லில் போனது. சொல்லில்தான் கொஞ்சம் திரும்பியும் வந்தது. அந்தச் சொல் நம்முடைய வாய் வழியாகத்தான் போகிறது. ஆகவே அதை அழகுபடுத்தாதீர்கள், அதன் 'கொள்'ளைக் கீழே போடாதீர்கள். இல்லாத 'கொள்'ளை ஒட்டவும் வேண்டாம்.

நான் உத்தியோகத்தை விடுவதற்குக் கொஞ்சம் முன்னம் திரும்பத் தேர்தல் வந்தது. அதே மெம்பர் வோட்டுக் கேட்டுக் கொண்டச்சிக்கு வந்தார். நான் கச்சேரி ஆள், வோட்டுக் கேட்கும் வேலைக்குப் போகக்கூடாது. வேறு அலுவலாக அங்கே போயிருந்த இடத்தில் தெருவில் கண்டேன். தமிழ் இப்போது நன்றாக வந்தது, கொஞ்சம் கொழும்பு வாடையோடு. கதீசா உம்மாவின் வேலிக்கு முன்னால் போய் நின்றார். கூட நாலு பேர், ஒரு ஓரமாக நான்.

"உம்மா, சுகமோ? இந்த முறையும் எனக்கு வோட்டுப் போடுவீங்களோ?"

வேலி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வருகிற அந்தக் குரல்:

"பார்ப்பம்."

கூட வந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மெம்பர் பழைய பழக்கத்தில் சட்டென்று என் பக்கம் திரும்பினார். இது எந்தப் பார்ப்பம், 'சீ டு இட்'டா, 'வீ ஷல் சீ'யா என்று கேட்கப் போகிறார் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. எனக்கும் வாய் திறந்துவிட்டது. இத்தனை வருசப் பழக்கம், விடுமா?

அவர் கையை உயர்த்தினார்.

"வேண்டாம், துபாசியார்," என்றார். "இதை நானே பாத்துக்கொள்ளுறன்."

வேலிக்குப் பின்னால் கதீசா உம்மா சிரித்த சிரிப்பு, பார்ப்பம் கிணற்றடி வரைக்கும் கேட்டிருக்கும்.